வெளிவாசல் உள்ள காப்பகம்

(தெமோதரையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்துக்கு வரும் வழியில், கொழுந்து மடுவத்து வாசலில் ஒரு பெட்டை நாய் படுத்திருந்தது. செம்பட்டை நிறம். முலைக்காம்புகள் தொங்கிப்போய், விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போல் இருந்தது. உள்ளே நிறுவை நடந்துகொண்டிருந்தது. கூடையை இறக்கிவைத்த ஒரு பெண், மடியில் முடிந்திருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து அதன் முன்னால் போட்டார். யாருடைய நாய் என்று கேட்டதற்கு, “எங்க லயத்து நாய்தாங்க” என்றார். எந்த வீட்டு நாய் என்று மறுபடியும் கேட்டபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எந்த வீடும் இல்லைங்க. லயத்து நாய்.”

அரசாங்கப் படிவங்களில் வளர்ப்பு நாய்க்கு ஓர் இடமும் தெருநாய்க்கு ஓர் இடமும் உண்டு. லயத்து நாய்க்கு இடம் இல்லை. லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டின் பத்துப் பன்னிரண்டு காம்பராக்களில் கிடைப்பதைத் தின்னும், இரவில் எல்லா வாசலையும் காக்கும், நோய் வந்தால் எவருடைய பொறுப்பிலும் இராது. மலையகத்தில் விலங்கு மீட்பு பற்றிப் பேசுகிறவர் இந்த நாயிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்த உரை சொல்ல வருவது ஒரே கருத்து. விலங்குக் காப்பகத்துக்கு இரண்டு வாசல் வேண்டும். விலங்கு உள்ளே வரும் வாசலை உலகம் நன்றாக அறியும். படமும் பணமும் அந்த வாசலுக்கே வந்து சேர்கின்றன. ஆனால் ஒரு காப்பகம் நல்லதா என்பதை அதன் வெளிவாசல்தான் காட்டும். எத்தனை விலங்குகள் குணமாகி வெளியே போயின? போன இடத்தில் பிழைத்தனவா? உள்ளே வரவே தேவையில்லாமல் போனவை எத்தனை? உதவ நினைப்பவர், பதுளையில் இருந்தாலும் இலண்டனில் இருந்தாலும், முதலில் கேட்க வேண்டியவை இவையே.

1. புதிய சிந்தனை அல்ல

விலங்குக்கு மருத்துவம் பார்ப்பது வெள்ளைக்காரர் கொண்டுவந்த வழக்கம் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஆனால் கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அசோகன் வெட்டுவித்த இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதருக்கு ஒன்று, விலங்குகளுக்கு ஒன்று என இரண்டு வகை மருத்துவ ஏற்பாடு செய்ததைச் சொல்கிறது. அந்த ஏற்பாடு சென்ற நாடுகளின் வரிசையில் சோழரும் பாண்டியரும் வருகிறார்கள். தாமிரபரணி என்ற பெயரில் இந்தத் தீவும் வருகிறது. நான்காம் நூற்றாண்டில் அநுராதபுரத்தை ஆண்ட புத்ததாச மன்னன் யானைக்கும் குதிரைக்கும் வைத்தியர்களை நியமித்ததாக மகாவம்சம் கூறுகிறது.

நவீனக் காப்பகத்தின் கதை 1860இல் இலண்டனில் தொடங்குகிறது. மேரி டீல்பி என்ற பெண்மணி ஹாலோவே பகுதியில் நாய்களுக்காக ஓர் இல்லம் திறந்தார். 1871இல் பேட்டர்சீக்கு இடம் மாறி, இன்றும் அந்த ஊர்ப் பெயரால் உலகப் புகழோடு நடப்பது அதுதான். அவர் முதலில் வைத்த பெயரைக் கவனியுங்கள்: வழிதவறிய, பட்டினி கிடக்கும் நாய்களுக்கான தற்காலிக இல்லம். தற்காலிகம் என்ற சொல்லை அவர் பெயர்ப் பலகையிலேயே எழுதிவிட்டார். பின்வந்த பலர் மறந்தது அந்தச் சொல்லைத்தான்.

2. ஒரே நாட்டில் இரண்டு யானை இல்லங்கள்

வெளிவாசல் என்பதன் பொருளை விளங்கிக்கொள்ள வெளிநாடு போக வேண்டாம். எல்ல, வெல்லவாய, தணமல்வில வழியாகக் கீழே இறங்கினால், ஊவாவும் சப்ரகமுவவும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் உடவளவை இருக்கிறது. அங்கே வனஜீவராசிகள் திணைக்களம் 1995இல் ஒரு யானைக்கன்று இல்லத்தைத் தொடங்கியது. தாய் சுடப்பட்டு இறந்த கன்று, கிணற்றில் விழுந்த கன்று, மந்தையைத் தவறவிட்ட கன்று எல்லாம் அங்கே வருகின்றன.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால். அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கம்பிக் கதவு திறந்ததும் சில கன்றுகள் காதை விரித்துக்கொண்டு ஓடிவரும். பணியாளர் புனல் மாட்டிய குழாயைக் கன்றின் வாயில் வைத்து மேலிருந்து பாலை ஊற்றுவார். துதிக்கை குழாயை இறுகப் பிடித்துக்கொள்ளும். பால் தீர்ந்ததும் இன்னும் வேண்டும் என்று கன்று முரண்டு பிடிக்கும். பணியாளர் அதைத் தடவிக் கொடுப்பதில்லை, பெயர் சொல்லிக் கொஞ்சுவதில்லை; மெல்லத் தள்ளி இலைக் குவியல் பக்கம் அனுப்பிவிட்டு அடுத்த கன்றுக்குத் திரும்பிவிடுகிறார். பார்வையாளர்கள் தொலைவில் உள்ள மேடையில்தான் நிற்க வேண்டும். தொடவோ ஊட்டவோ முடியாது.

முதல் முறை பார்ப்பவருக்கு இது கல்நெஞ்சமாகத் தோன்றும். உண்மையில் அந்தக் கன்றுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய அன்பு அதுதான். மனிதனிடம் ஒட்டிப் பழகிய யானை காட்டுக்குப் போனாலும் வயலையும் வாசலையும் தேடி வரும், வந்தால் சுடப்படும். ஐந்து வயதை நெருங்கும்போது, கூடி வளர்ந்த கன்றுகளைக் குழுவாகவே காட்டில் விடுகிறார்கள். முதல் குழு போனது 1998இல். அன்றிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் அந்த வெளிவாசலைத் தாண்டிவிட்டன. அப்படிப் போன பெண் யானைகள் காட்டிலேயே குட்டி ஈன்றும் இருக்கின்றன.

பின்னவலையை எடுத்துக்கொள்வோம். அது இருபது ஆண்டு மூத்தது, 1975இல் தொடங்கியது. நோக்கம் அன்றும் இதேதான், அநாதைக் கன்றுகளைக் காப்பது. ஆனால் கன்றுகள் காட்டுக்குத் திரும்பவில்லை. 1978இல் தேசிய விலங்கியல் பூங்காவின் பொறுப்புக்குப் போனது. 1984இல் அங்கேயே முதல் குட்டி பிறந்தது. 2021 ஆகஸ்டில் இரட்டைக் குட்டிகள் பிறந்தபோது நாடே மகிழ்ந்தது. அங்கு உழைப்பவர்களின் பரிவில் குறை சொல்ல இடமில்லை. இருந்தாலும் உள்வாசல் மட்டும் உள்ள இல்லம் காலப்போக்கில் ஒரு மந்தையாகிவிடும். மந்தைக்குத் தீனி வேண்டும். தீனிக்கு நுழைவுச் சீட்டு விற்க வேண்டும். சீட்டு விற்க யானையைக் காட்சிக்கு வைக்க வேண்டும். ஒரு கதவு இல்லாததால் நோக்கமே மாறிவிடுகிறது.

எல்லா உயிருக்கும் வெளிவாசல் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேட்டைக் கண்ணியில் கால் இழந்த கன்று ஒன்று உடவளவையில் செயற்கைக் காலோடு வளர்ந்தது. அதைக் காட்டில் விட முடியாது. ஆயுள் முழுக்கக் காப்பது அதற்கு நாம் பட்ட கடன். அப்படிப்பட்டவற்றுக்கு இடமும் பணமும் மிஞ்ச வேண்டுமென்றால், போகக்கூடியவை போய்த்தான் ஆக வேண்டும்.

3. நாய்க்கு எது வெளிவாசல்?

யானைக்குக் காடு இருக்கிறது. லயத்து நாய்க்கு?

சென்னையின் அனுபவம் நமக்கு நல்ல பாடம். 1959இல் மதராஸ் வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் சுந்தரம் வீட்டுக்கு எடுத்து வந்தார். அவரும் மனைவி உஷா சுந்தரமும் பிள்ளைகளும் சேர்ந்து தொடங்கிய முயற்சியே புளூ கிராஸ். அப்போது மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. தலைமுறைகளாகக் கொன்றும் நாய் குறையவில்லை. குப்பையும் மிச்சச் சோறும் இருக்கும் வரை ஒரு நாய் போன இடத்துக்கு இன்னொன்று வந்து சேரும். பெட்டை நாய்க்குச் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். ஆண்டில் இரண்டு ஈற்றுக்கூட வரும். புளூ கிராஸ் 1964 முதல் கருத்தடை என்ற மாற்றை முன்வைத்தது. அதை மாநகராட்சி ஏற்றுச் செயலில் இறங்க 1996 ஆனது. 2001இல் அது இந்திய நாட்டின் விதியாகியது: பிடி, கருத்தடை செய், தடுப்பூசி போடு, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடு.

“பிடித்த இடத்திலேயே” என்பதுதான் பலருக்கு ஏற்க முடியாததாக இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 11 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், தில்லியிலும் சுற்றுப்புறங்களிலும் உள்ள தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்க உத்தரவிட்டது. குழந்தைகள் கடிபட்ட வேதனை அந்த உத்தரவுக்குப் பின்னால் இருந்தது. அதை எவரும் இலேசாக எண்ணக் கூடாது. ஆனால் இலட்சக்கணக்கான நாய்களுக்கு எங்கே இடம்? ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவைத் திருத்தியது. வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பழைய இடத்திலேயே விடச் சொன்னது. வழக்கு அதோடு முடியவில்லை என்றாலும், அந்தப் பதினோரு நாள் ஒன்றைக் காட்டிவிட்டது. எல்லா நாயையும் அடைக்கும் அளவுக்குக் காப்பகம் கட்டவே முடியாது.

புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது தெமோதரை மக்களுக்கு விளங்காத சங்கதி அல்ல. நம்மூர் ரயில் பாதை மலையைச் சுற்றிக்கொண்டு வந்து, நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைகிறது. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்த பொறியியலாளருக்கு அந்த யோசனை தோன்றியது என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். நாயும் புறப்பட்ட இடத்துக்கேதான் திரும்புகிறது. ஆனால் ஈன்று ஈன்று தேயாத, நோயைக் கடத்தாத நாயாகத் திரும்புகிறது. அந்த லயம் அதற்கு அந்நியமல்ல. லயத்துக்கும் அது அந்நியமல்ல. புதிய நாயை உள்ளே வர விடாமல் காப்பதும் அதுதான்.

இதைக் கடைசி வரை செய்து காட்டியது நம்மைப் போன்ற ஒரு மலைநாடு. பூட்டான் 2009இல் தொடங்கி, ஓர் அனைத்துலக விலங்குநல அமைப்பின் துணையோடு ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களுக்குக் கருத்தடை செய்தது. 2023 அக்டோபரில் நாட்டின் தெருநாய்கள் அனைத்துக்கும் செய்து முடித்துவிட்டதாக அறிவித்தது. பதினான்கு ஆண்டு உழைப்பு அது. அமெரிக்காவிலும் 1970களில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேற்பட்ட நாய்களும் பூனைகளும் காப்பகங்களிலேயே கொல்லப்பட்டன. இன்று அந்தத் தொகை பத்து இலட்சத்துக்கும் கீழே வந்திருக்கிறது. பெரிய கட்டடங்கள் எழுந்ததால் வந்த மாற்றம் அல்ல அது. கருத்தடையும் தத்தெடுப்பும் கொண்டுவந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு, மனித உயிர். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் நீர்வெறுப்பு என்னும் வெறிநோயால் (ரேபிஸ்) இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அநேகமாக எல்லாமே நாய்க்கடியால் வருபவை. இலங்கையில் 1973இல் மட்டும் 370க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அண்மைக் காலத்தில் அது ஆண்டுக்கு இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. இறக்கியது தடுப்பூசி. 2006 முதல் தெருநாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கையை நாடு ஏற்ற பிறகும் மரணம் கூடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு எழுபது நாய்க்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும். கோவா அதைச் செய்தது. மூன்று ஆண்டுகள் ஒரு மனித மரணம்கூட இல்லாமல், 2021இல் இந்தியாவின் முதல் ரேபிஸ் அற்ற மாநிலமாகத் தன்னை அறிவித்துக்கொண்டது.

லயத்து நாய்க்குப் போடும் ஊசி, லயத்துப் பிள்ளைக்கும் சேர்த்துப் போடும் ஊசி. கடி பட்டுவிட்டால் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மந்திரித்த கயிறு எதுவும் இந்த நோயை நிறுத்தாது. நோய்க்குறி தெரிந்த பிறகு மருந்து இல்லை.

4. பிரேக் கம்பி

2020 மே 26. நல்லதண்ணிப் பகுதித் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஒரு கருஞ்சிறுத்தை கண்ணியில் சிக்கியிருந்தது. இலங்கையில் மிக அரிதாகக் காணப்படும் விலங்கு. மயக்க ஊசி போட்டு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் போராடி, 29ஆம் திகதி அது இறந்தது.

மீட்பில் தவறு என்று சொல்ல வரவில்லை. மருத்துவர்கள் முடிந்த எல்லாம் செய்தார்கள். கண்ணியின் வேலையே அப்படி. சைக்கிள், மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியை முடிச்சிட்டுப் பன்றி வரும் தடத்தில் கட்டுகிறார்கள். சிறுத்தை ஒல்லி உடம்பு. பெரும்பாலும் தலையும் தோளும் நுழைந்து, இடுப்பில் கம்பி இறுகும். திமிறத் திமிற இன்னும் இறுகும். வெளியே சிறு காயம்தான் தெரியும். உள்ளே உறுப்புகள் நசுங்கியிருக்கும்.

கண்ணி வைத்தவரை அரக்கனாக்கிப் பேசுவது எளிது. மரவள்ளியையும் உருளைக்கிழங்கையும் ஒரே இரவில் பன்றி உழுதுவிட்டால், நாட்கூலிக் குடும்பத்துக்கு அது ஒரு மாதக் கறி. அந்த இழப்பு உண்மை. ஆனால் கம்பிக்கு எது பன்றி, எது சிறுத்தை, எது கொழுந்துக்குப் போகும் அம்மாவின் பின்னால் வரும் நாய் என்று தெரியாது. லயத்து நாயைப் பிடிக்கவும் சிறுத்தை தேயிலைக்குள் இறங்குகிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். நாய் பெருகினால் சிறுத்தை வரும்; சிறுத்தை வரும் தடத்தில் கம்பி இருக்கும். இரண்டும் இரண்டு பிரச்சினை இல்லை.

தீவனத்துக்குள் வெடி மறைத்து வைக்கும் ஹக்கபட்டாஸ் கீழ்நாட்டில் செய்வதும் இதேதான். பன்றிக்கு வைத்தது, தாடை சிதறிப் பட்டினியால் சாவது யானைக்கன்று. இவற்றுக்கு எந்தக் காப்பகமும் மருந்தாகாது. உள்வாசலுக்கு வெகு தூரத்துக்கு முன்னாலேயே, தோட்டத்து ஓரத்தில் முடிக்க வேண்டிய வேலை இது.

5. பணமும் சட்டமும்

சுருக்கமாகச் சில வார்த்தை. கைப்பேசியில் வரும் மீட்புக் காணொளிகளைப் பார்த்துப் பணம் அனுப்பும் இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கட்டார், துபாயிலிருந்தும் அனுப்புகிறார்கள். மனம் நல்ல மனம். ஆனால் அந்தக் காணொளிகளில் நாடகமும் உண்டு. குட்டியைத் தாங்களே பாம்பின் முன் போட்டுவிட்டுப் பின் காப்பாற்றுவது போலப் படம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். பணம் அனுப்பும் முன் கேளுங்கள்: சென்ற ஆண்டு எத்தனை வந்தன, எத்தனை வெளியே போயின, எத்தனை இறந்தன, கால்நடை வைத்தியர் யார், தத்துக் கொடுக்கும் முன் கருத்தடை செய்கிறீர்களா? நேர்மையான காப்பகம் இறந்தவற்றின் எண்ணிக்கையையும் மறைக்காது.

சட்டம் என்று ஒன்று இருக்கிறது, 1907இல் வந்த மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டம். அதன் உச்ச அபராதம் நூறு ரூபாய். இன்று அந்தப் பணத்துக்கு ஒரு இறாத்தல் பாண்கூட உறுதியில்லை. புதிய விலங்கு நலச் சட்டத்தின் வரைவை இலங்கைச் சட்ட ஆணைக்குழு 2006இலேயே தயாரித்தது. அதன் பிறகு நடந்தது இழுபறி. இந்தியாவில் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனியாளாக மசோதா கொண்டுவந்து போராடியதன் பயனாக 1960இல் சட்டம் பிறந்தது. அதில் முதல் குற்றத்துக்கு உச்ச அபராதம் ஐம்பது ரூபாய். இரு நாட்டுச் சட்டங்களும் விலங்கின் வலிக்கு வைத்த விலை இதுதான். நம் பிரதிநிதிகள் வாக்குக் கேட்டு வரும்போது இதைக் கேட்க எவரும் தயங்க வேண்டியதில்லை.

6. இங்கே செய்யக்கூடியது

தெமோதரைக்கு ஒரு பெரிய காப்பகம் வேண்டும் என்று இந்த உரை கேட்கவில்லை. ஐம்பது கூண்டு கட்டினால் ஆறே மாதத்தில் அது நிரம்பிவிடும். ஊர் ஊராகக் குட்டிகளைக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் போவார்கள்.

கேட்பது சின்ன விஷயம். பாழ்பட்டுக் கிடக்கும் லயத்துக் காம்பரா இரண்டைச் சீர்செய்து, சுவரும் தரையும் கழுவக்கூடியதாக்கினால் போதும். ஆண்டில் இரண்டு முறை கால்நடை வைத்தியர் குழு வந்து கருத்தடை செய்யட்டும். அறுவையான நாய்கள் சில நாள் அங்கே இருந்து காயம் ஆறியதும் தத்தம் லயத்துக்குப் போகட்டும். எந்தப் பெட்டைக்குச் செய்தாயிற்று, எதற்கு இன்னும் இல்லை என்று லயத்துக்கு ஒரு மாணவர் கொப்பியில் எழுதி வைக்கட்டும். நீலகிரியிலேயே இந்த அறுவையை மருத்துவர்களுக்குக் கற்பிக்கும் அனைத்துலகப் பயிற்சி மையம் இயங்குகிறது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்து போன நம் உறவுகள் கொழுந்து பறிக்கும் மலை அது. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும்.

மழைக்காலத்தைப் பற்றியும் ஒன்று. 2014 அக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை இந்த மாவட்டம் மறக்காது. இடம்பெயரும் குடும்பத்தைப் பதிவு செய்யும்போது மாட்டுக்கும் ஆட்டுக்கும் நாய்க்கும் ஒரு நிரல் போடுங்கள். அமெரிக்காவில் 2005இல் கத்ரீனா புயலின்போது வளர்ப்பு விலங்கை விட்டுவர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கிவிட்டவர்கள் பலர். அடுத்த ஆண்டே அங்கே அனர்த்தத் திட்டங்களில் வளர்ப்பு விலங்குகளையும் சேர்க்கச் சட்டம் வந்தது. மாட்டை விட்டு வர மாட்டேன் என்று நிற்கும் பாட்டியைக் காப்பாற்ற, மாட்டுக்கும் ஓர் இடம் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

கம்பியைப் பற்றி, இங்கே இருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்ட ஓரத்தில் கண்ணி கண்டால், விலங்கு சிக்காத கம்பியாக இருந்தால் அவிழ்த்தெடுத்துவிடுங்கள். சிக்கிய விலங்கு இருந்தால் கிட்டப் போகாதீர்கள், கம்பியை வெட்டாதீர்கள், கூட்டம் கூட விடாதீர்கள், படம் எடுக்க நெருங்காதீர்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. மாணவச் செல்வங்களே, இந்த நான்கு எண்ணையும் இன்றே வீட்டுச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள்.